மெயின் வரை வந்து சேராத நிரல்: தொடக்கத்திலேயே க்ராஷ் ஆனால் எங்கே தேடுவது?

கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை. எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் நிரலை இயக்கியதும் கறுப்பு ஜன்னல் ஒன்று தோன்றி மறைகிறது. அல்லது டெர்மினலில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று இரண்டே சொற்கள். சில நேரம் அதுவும் இல்லை, கர்சர் அடுத்த வரிக்கு வந்து நிற்கிறது. எழுதியவரின் கணினியில் நன்றாக ஓடி, வாங்கியவரின் சர்வரில் மட்டும் இப்படி ஆனால் குழப்பம் இன்னும் கூடும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, மூலநிரலைத் திறந்து, நிரலின் வேலை தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷனின் முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பது. பல நேரங்களில் அது வீண் வேலை. நிரல் அந்த முதல் வரிக்கு வந்தே இருக்காது. இயக்கச் சொல்லி நாம் என்டர் தட்டுவதற்கும் மெயின் தொடங்குவதற்கும் நடுவே நீண்ட பாதை இருக்கிறது. எந்த இடத்தில் விழுந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

கம்பைல் ஆனது என்பதற்கு என்ன பொருள்

கம்பைலர் பார்ப்பது மூலநிரலின் இலக்கணத்தையும் வகைப் பொருத்தத்தையும்தான். லிங்கர் துண்டுகளை ஒட்டி ஒரு கோப்பாக்குகிறது. ஆனால் சி, சி++ நிரல்களில் பெரும்பாலானவை தம்மளவில் முழுமையான கோப்புகள் அல்ல. திரையில் ஒரு வரி அச்சிடும் வேலைகூட இயங்குதளத்தோடு வரும் பொது லைப்ரரியில் இருக்கிறது. லிங்கர் அதை உங்கள் கோப்புக்குள் கொண்டுவருவதில்லை. ‘இன்ன லைப்ரரியிலிருந்து இன்ன பெயருள்ள ஃபங்ஷன் வேண்டும்’ என்று குறிப்பு மட்டும் எழுதி வைக்கிறது. இதுதான் டைனமிக் லிங்கிங். அந்த லைப்ரரிகளுக்கு விண்டோஸில் டிஎல்எல் என்றும், லினக்ஸில் ஷேர்ட் ஆப்ஜெக்ட் என்றும், மேக்கில் டைலிப் என்றும் பெயர்.

ஆக, கம்பைல் ஆன நிரல் கையில் ஒரு சாமான் பட்டியலோடு கிளம்புகிறது. போகிற ஊரில் அந்தச் சாமான்கள் கிடைக்குமா என்பதற்குக் கம்பைலர் பொறுப்பில்லை.

என்டர் தட்டியதிலிருந்து மெயின் வரை

லினக்ஸில் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். விண்டோஸிலும் மேக்கிலும் பெயர்கள் வேறு, போக்கு ஏறக்குறைய இதுவே.

1. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நிரல் கோப்பின் தொடக்கத்தைப் படிக்கிறது. முதல் நான்கு பைட்டுகளில் ‘எல்ஃப்’ என்ற வடிவத்துக்குரிய முத்திரை இருக்க வேண்டும். எந்தப் பிராசசருக்காகக் கட்டப்பட்டது என்ற விவரமும் அருகிலேயே இருக்கும்.

2. அந்தக் கோப்புக்குள் இன்னொரு நிரல் எந்த அடைவில் இருக்கிறது என்ற பாதை எழுதப்பட்டிருக்கும். அதுதான் டைனமிக் லோடர். கெர்னல் அதையும் மெமரியில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுக்கிறது. முதலில் ஓடுவது உங்கள் நிரல் அல்ல, லோடர்.

3. லோடர் சாமான் பட்டியலைப் படித்து ஒவ்வொரு லைப்ரரியையும் தேடுகிறது. அந்த லைப்ரரிகளுக்குத் தேவையான லைப்ரரிகளையும் தேடுகிறது.

4. கிடைத்தவற்றில் நிரல் கேட்ட ஃபங்ஷன் பெயர்களும் பதிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, முகவரிகளை இணைக்கிறது.

5. லைப்ரரிகளின் தொடக்க வேலைகளும், பிறகு உங்கள் நிரலில் எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல் வெளியே அறிவித்த குளோபல் ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர்களும் ஓடுகின்றன.

6. கடைசியில் மெயின்.

ஐந்தாம் படி பலருக்குப் புதிதாக இருக்கும். நீங்கள் எழுதிய குறியீடே மெயினுக்கு முன்னால் ஓட முடியும்!

முதல் கேள்வி: மெயின் தொடங்கியதா?

இதற்கு விடை தெரியாமல் வேறு எதையும் தொடாதீர்கள். மெயினின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண அவுட்புட் எப்போதும் உடனே திரைக்குப் போவதில்லை, பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்ந்து காத்திருக்கலாம். அது வெளியே வருவதற்குள் நிரல் க்ராஷ் ஆனால், பிரிண்ட் வரியைத் தாண்டிப் போயிருந்தும் திரையில் ஒன்றும் தெரியாது. ‘மெயினுக்கே வரவில்லை’ என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். பஃபர் இல்லாத எரர் ஸ்ட்ரீமில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

அதைவிட நல்ல வழி, ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர். டீபக் தகவலோடு கம்பைல் செய்து, நிரலை ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து, மெயினில் பிரேக்பாயின்ட் (நிறுத்துமிடம்) வைத்து ஓட விடுங்கள். மெயினில் வந்து நின்றால் 1 முதல் 5 வரையான படிகள் நல்லபடியாக முடிந்துவிட்டன, பிழை மெயினுக்குள். நிற்காமலே க்ராஷ் ஆனால் ‘பேக்ட்ரேஸ்’ கேளுங்கள். எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியல் வரும். அதில் மெயின் என்ற பெயரே இல்லாமல், நீங்கள் எழுதிய ஒரு கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் மட்டும் இருந்தால் ஐந்தாம் படியில் விழுந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும்.

நிரல் விட்டுச் செல்லும் எண்

முடிந்துபோன நிரல் ஒவ்வொன்றும் ஒரு எண்ணை விட்டுச் செல்கிறது. லினக்ஸ் ஷெல்லில் டாலர்-கேள்விக்குறியை எக்கோ செய்தால் அது தெரியும். எண் 128-க்கு மேல் இருந்தால் அதிலிருந்து 128-ஐக் கழியுங்கள். மிச்சம்தான் பெரும்பாலும் நிரலைக் கொன்ற சிக்னலின், அதாவது கெர்னல் அனுப்பிய அறிவிப்பின் எண்.

1. 139 என்றால் சிக்னல் 11: தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டது.
2. 134 என்றால் சிக்னல் 6: நிரலோ லைப்ரரியோ தானே அபார்ட் செய்துகொண்டது. பிடிக்கப்படாத சி++ எக்ஸெப்ஷன் இங்கேதான் வந்து முடியும்.
3. 132 என்றால் சிக்னல் 4: பிராசசருக்குப் புரியாத கட்டளை.
4. 137 என்றால் சிக்னல் 9: வெளியிலிருந்து கொல்லப்பட்டது. மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கலாம்.
5. 127 என்றால் சிக்னல் இல்லை. கட்டளையோ, தேவையான லைப்ரரியோ கிடைக்கவில்லை.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் மைனஸ் குறியோடு பெரிய எண்ணைக் காட்டும். அதுவும் அர்த்தமுள்ளதுதான். −1073741515 என்றால் டிஎல்எல் கிடைக்கவில்லை. −1073741511 என்றால் டிஎல்எல் இருக்கிறது, அதற்குள் கேட்ட ஃபங்ஷன் இல்லை. −1073741701 வந்தால் பெரும்பாலும் 64-பிட் நிரலுக்கு 32-பிட் டிஎல்எல் மாட்டியிருக்கிறது, அல்லது அதற்கு நேர்மாறு. −1073741819 தவறான மெமரி அணுகல். −1073741571 ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்களின் லோக்கல் மாறிகளுக்கான மெமரி, நிரம்பி வழிந்தது. ஈவன்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்’ பதிவைத் திறந்தால் எந்த டிஎல்எல்லுக்குள் க்ராஷ் நடந்தது என்ற பெயரும் கிடைக்கும்.

மேக்கில் ஒரு தனிக் காரணம் உண்டு. 2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்புகளுக்கான நிரல் எதுவும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் ஓடாது. லிங்கர் தானாகவே ஒரு எளிய கையொப்பம் இட்டுவிடும். அதன்பிறகு வேறு கருவியால் கோப்பைத் திருத்தினால் கையொப்பம் செல்லாமல் போய், ‘கில்டு: 9’ என்று மட்டும் வரும். மறுபடி கையொப்பம் இட்டால் சரியாகிவிடும்.

கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்னும் செய்தி

லினக்ஸில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தச் செய்திதான். கோப்பு இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனால் ஷெல் ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்கிறது. இல்லாதது உங்கள் நிரல் அல்ல, இரண்டாம் படியில் சொன்ன லோடர். செய்தியில் எந்தக் கோப்பு என்று சொல்லாததால் எல்லோரும் நிரலின் பெயரையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். பாஷ் ஷெல்லின் புதிய பதிப்பில் ‘தேவையான கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பொருளில் இதைத் திருத்தியிருக்கிறார்கள். நல்ல திருத்தம்.

உபுண்டுவில் கட்டிய நிரலை ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்குள் (தனக்கான லைப்ரரிகளோடு தனியாக ஓடும் சூழலுக்குள்) போட்டால் இதுதான் நடக்கும். உபுண்டு ஜிலிப்சி என்ற சி லைப்ரரியைப் பயன்படுத்துகிறது, ஆல்பைன் மஸ்ல் என்பதை. இரண்டின் லோடரும் வேறு வேறு பெயரில், வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. 32-பிட் ஆதரவு நிறுவப்படாத 64-பிட் கணினியில் பழைய 32-பிட் நிரலை இயக்கினாலும் இதே செய்தி வரும். ‘ஃபைல்’ என்ற கட்டளையிடம் நிரலின் பெயரைக் கொடுங்கள். எந்தப் பிராசசருக்கானது, எந்த லோடரைக் கேட்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும்.

வெற்று நிரலும் ஓடாத கதை

நான்காம் படியில் வரும் சிக்கல்களில் மிகவும் பரவலானது ஜிலிப்சி பதிப்பு. இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

உபுண்டு 22.04-இல் இப்படி ஒரு சி நிரல் எழுதுங்கள்: மெயின் மட்டும், உள்ளே ஒன்றுமில்லை, சுழியத்தைத் திருப்பித் தருகிறது. கம்பைல் செய்து, அந்தக் கோப்பை உபுண்டு 20.04-க்கு நகலெடுத்து இயக்குங்கள். ‘ஜிலிப்சி 2.34 பதிப்பு கிடைக்கவில்லை’ என்று லோடர் நிறுத்திவிடும். ஒரு ஃபங்ஷனைக்கூட அழைக்காத நிரலுக்கு 2.34 எதற்கு?

விடை மெயினுக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு நிரலிலும் லிங்கர் ஒரு சிறு தொடக்கக் குறியீட்டைச் சேர்க்கிறது. அது ஜிலிப்சியிலுள்ள ‘லிப்சி ஸ்டார்ட் மெயின்’ என்ற ஃபங்ஷனை அழைக்க, அதுதான் உங்கள் மெயினை அழைக்கும். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல் இந்தத் தொடக்க முறையை மாற்றி, அந்த ஃபங்ஷனுக்குப் புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். ஆகவே 2.34-லோ அதற்குப் பிந்தியதிலோ கட்டப்படும் நிரல், வெற்று நிரலானாலும், அந்த முத்திரையைக் கேட்கும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. 20.04-இல் இருப்பது 2.31.

இதன் விதி ஒருவழிப் பாதை போன்றது. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று உறுதியில்லை. அதனால் நிரலை ஆதரிக்க விரும்பும் கணினிகளில் மிகப் பழையது எதுவோ அதில் கட்டுவதே நேர்வழி. இன்று அந்தப் பழைய பதிப்பின் கன்டெய்னர் ஒன்று போதும். பைதானின் கம்பைல் ஆன பேக்கேஜ்கள் பல லினக்ஸ் வகைகளில் ஒரே கோப்பாக ஓடுவது இப்படித்தான். ‘மெனிலினக்ஸ் 2014’ என்ற தரம் சென்ட்ஓஎஸ் 7-ஐ, அதாவது ஜிலிப்சி 2.17-ஐ அடித்தளமாகக் கொண்டது.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. புதிய கணினியின் ஜிலிப்சி கோப்பை எடுத்துப் பழைய கணினியின் சிஸ்டம் அடைவில் போடாதீர்கள். அங்குள்ள ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் அதே லைப்ரரியை நம்பியிருக்கின்றன. லோடரும் லைப்ரரியும் ஒத்துப்போகாவிட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாது. போட்டதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லாமல் போகும்.

லைப்ரரியே கிடைக்கவில்லை என்றால் ‘எல்டிடி’ கட்டளை எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரிசையாகக் காட்டும். ஆனால் யாரோ அனுப்பிய, நம்பகம் தெரியாத கோப்பின்மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். அதற்கு ‘ரீட்எல்ஃப்’ அல்லது ‘ஆப்ஜ்டம்ப்’ போதும், இவை கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும்.

பிராசசருக்குப் புரியாத கட்டளை

132 என்ற எண்ணோடு ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று வந்தால் மூலநிரலில் தேடுவதற்கு முன் பிராசசரைப் பாருங்கள். ‘இந்தக் கணினிக்கென்றே வேகமாகக் கட்டு’ என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கட்டினால் அந்தக் கணினியின் பிராசசரில் உள்ள, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 போன்ற கட்டளைகளையெல்லாம் கம்பைலர் தாராளமாகப் பயன்படுத்தும். இன்டெல்லில் ஏவிஎக்ஸ்2 வந்தது 2013-இன் ஹாஸ்வெல் வரிசையில். ஆனால் அதன்பிறகும் பல ஆண்டுகள் விலை குறைந்த பென்டியம், செலரான் சிப்புகளில் ஏவிஎக்ஸ் இல்லை. 2018-இல் டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியின் 1.6 பதிப்பு ஏவிஎக்ஸோடு கட்டி வெளியிடப்பட்டபோது, அது இல்லாத கணினிகளில் இம்போர்ட் வரியிலேயே பைதான் க்ராஷ் ஆனது இதனால்தான்.

விர்ச்சுவல் மெஷினிலும் இது நடக்கும். அடியில் உள்ள பிராசசர் புதியதாக இருந்தாலும், மெஷினை அமைத்தவர் பழைய பொது மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கட்டளைகள் மறைக்கப்பட்டிருக்கும்.

நீங்கள் எழுதியதே மெயினுக்கு முன் விழுவது

இப்போது ஐந்தாம் படி. சி++-இல் ஒரே கோப்புக்குள் உள்ள குளோபல் ஆப்ஜெக்டுகள் மேலிருந்து கீழாக உருவாகும். வேறு வேறு கோப்புகளில் இருந்தால் எது முந்தும் என்று மொழியின் தரநிலை உறுதி தரவில்லை. ஒரு கோப்பிலுள்ள லாகர் (நடப்பதைப் பதிவு செய்யும் ஆப்ஜெக்ட்), இன்னொரு கோப்பிலுள்ள செட்டிங்ஸ் ஆப்ஜெக்டைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். செட்டிங்ஸ் முதலில் உருவானால் எல்லாம் நலம். லாகர் முந்திவிட்டால், இன்னும் உருவாகாத ஒன்றின் மெமரியைத் தொடும். நேற்றுவரை ஓடியது இன்று பில்டில் கோப்புகளின் வரிசை மாறியதால் விழுவது இப்படித்தான். இதற்கு நம்பத்தகுந்த மருந்து, குளோபலை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாடிக்காக வைப்பது. முதல்முறை அந்த ஃபங்ஷனை அழைக்கும்போதுதான் அது உருவாகும். சி++11 முதல் பல திரெட்கள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் பாதுகாப்பானது.

குளோபல் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழும் எக்ஸெப்ஷனும் இப்படியே. மெயின் முழுவதையும் ட்ரை-கேட்சுக்குள் அடைத்தாலும் அதைப் பிடிக்க முடியாது, அப்போது மெயின் தொடங்கியிருக்காது. 134 என்ற எண் மட்டும் மிஞ்சும்.

மெயினின் வாசற்படியிலேயே விழுவதும் உண்டு. 1000-க்கு 1000 அளவுள்ள இன்ட் அரேயை மெயினுக்குள் லோக்கலாக அறிவித்தால் அது 40 லட்சம் பைட். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான வரம்பு 8 எம்பி, ஓடிவிடும். மைக்ரோசாஃப்ட் லிங்கர் கொடுக்கும் வரம்பு 1 எம்பி. விண்டோஸில் டீபக்கர் மெயினின் தொடக்க அடைப்புக்குறியையே காட்டும், முதல் வரிக்கு இறங்கவே இறங்காது. கல்லூரி லேபில் லினக்ஸில் எழுதிய பயிற்சியை வீட்டில் விண்டோஸில் இயக்கும் மாணவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள், தங்கள் அல்காரிதத்தையே சந்தேகிக்கிறார்கள். அரேயை வெக்டராக மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் கிடைத்தும் விழுந்தது: 2024-இன் மியூடெக்ஸ் சிக்கல்

டிஎல்எல் இருக்கிறது, கேட்ட ஃபங்ஷன்களும் இருக்கின்றன. அப்படியும் க்ராஷ் ஆகுமா? ஆகும். 2024 மே மாதம் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ 2022-இன் 17.10 பதிப்பில், சி++ மியூடெக்ஸின் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டின்) கன்ஸ்ட்ரக்டரை கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடும்படி மாற்றினார்கள். மொழியின் தரநிலை கேட்பதும் அதுதான். ஆனால் புதிய கருவியில் கட்டிய நிரலுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சி++ ரன்டைம் லைப்ரரியான எம்எஸ்விசிபி140 டிஎல்எல்லின் பழைய பதிப்பு மாட்டினால், அந்த டிஎல்எல் எதிர்பார்க்கும் தொடக்க வேலை நடந்திருக்காது. முதல் லாக்கிலேயே வெற்று முகவரியைத் தொட்டு நிரல் விழும். எண் −1073741819. பலருடைய நிரலில் அந்த முதல் லாக் தொடக்கத்திலேயே வரும்.

சிஸ்டத்தில் புதிய ரன்டைம் நிறுவியிருந்தும் சிலருக்குச் சரியாகவில்லை. விண்டோஸ் டிஎல்எல்லை முதலில் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில். என்றோ அங்கே நகலெடுத்து வைத்த பழைய கோப்பு ஒன்று இருந்தால் அதுவே வெல்லும். உங்கள் குறியீடு வேறொரு நிரலுக்குள் ப்ளக்இன்னாக ஏறினால், அந்த நிரல் ஏற்கெனவே ஏற்றிவைத்த பழைய பிரதியே உங்களுக்கும் கிடைக்கும். ஆகவே டீபக்கரில் ‘மாட்யூல்ஸ்’ பட்டியலைத் திறந்து, டிஎல்எல்லின் பெயரோடு நிறுத்தாமல் எந்தப் பாதையிலிருந்து வந்தது, என்ன பதிப்பு என்பதையும் படியுங்கள்.

நிரல் மாறவில்லை, படிக்கும் கோப்பு மாறியது

நேற்றைய அதே பைனரி இன்று தொடக்கத்திலேயே விழுந்தால் அது படிக்கும் தரவைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கணினி எழும்போதே கெர்னலுக்குள் ஏறும் டிரைவர். அன்று மாறியது டிரைவர் அல்ல, அது படிக்கும் ஒரு தரவுக் கோப்பு. அந்தக் கோப்பு 21-ஆவது மதிப்பைப் பார்க்கச் சொன்னது, டிரைவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தவை 20 மட்டுமே. எல்லைக்கு வெளியே படித்ததில் விண்டோஸ் விழுந்தது. திரும்ப எழுந்தால் டிரைவர் மறுபடி அதே கோப்பைப் படித்தது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள். சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்தன.

உங்கள் நிரலுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். செட்டிங்ஸ், கேஷ் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு இயக்கிப் பாருங்கள். எந்தக் கோப்பைக் கடைசியாகத் திறந்தது என்பதை லினக்ஸில் ‘எஸ்ட்ரேஸ்’ காட்டும், விண்டோஸில் ‘ப்ராசஸ் மானிட்டர்’ காட்டும்.

வேறொருவர் கணினியில் விழுந்தால் எதைக் கேட்டு வாங்குவது

‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லும் பயனரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. இவற்றைக் கேளுங்கள்:

1. முடிவு எண்ணும், திரையில் வந்த முழுச் செய்தியும். சுருக்கிச் சொன்னது வேண்டாம், எழுத்து மாறாத நகல் வேண்டும்.
2. இயங்குதளத்தின் பதிப்பு, லினக்ஸ் என்றால் ஜிலிப்சி பதிப்பும்.
3. பிராசசர் மாடல், அது விர்ச்சுவல் மெஷினா என்பது.
4. ஏற்றப்பட்ட லைப்ரரிகளின் பட்டியல், பாதையோடு.
5. கோர் டம்ப் அல்லது விண்டோஸ் மினிடம்ப். நிரல் இறந்த நொடியில் அதன் மெமரி இருந்த நிலையின் பதிவு அது.

ஐந்தாவதைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் அவருக்குக் கொடுத்த அதே பில்டின் டீபக் சிம்பல் கோப்பு, அதாவது மெமரி முகவரிகளை ஃபங்ஷன் பெயர்களாக மாற்றிக் காட்டும் கோப்பு, உங்களிடம் இருக்க வேண்டும். மறுபடி கம்பைல் செய்து எடுத்த சிம்பல் பொருந்தும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்தக் கோப்பைப் பதிப்பு எண்ணோடு அன்றே எடுத்து வையுங்கள்.